தென்னை நார்: கேட்டதற்கெல்லாம் பதில்

பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் பல வருஷமாக மேற்பார்வை வேலை. "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றதற்கு வந்த கேள்விகள் இவை.

அண்ணே, வெள்ளை நார் வேறு மரத்து நாரா?

மரம் அதேதான் தம்பி. காயின் பக்குவமும் ஊறப்போடும் விதமும்தான் வேறு. பத்து, பதினொரு மாதக் காயின் பச்சை மட்டையைக் காயல் (கடலோர உப்பங்கழி) தண்ணீரில் ஆறிலிருந்து பத்து மாதம்வரை அமுக்கிப் போட்டால், நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினை பாக்டீரியா தின்றுவிடும், அப்புறம் கட்டையால் அடித்தாலே வெளிர் பொன்னிறத்தில் பிரிந்து வரும். ஆலப்புழைப் பாய்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த நார்தான் (ஊறல் எடுக்கும் இடத்தின் நாற்றம் வேறு கதை, அழுகிய முட்டை தோற்கும்). எங்கள் பக்கம் முற்றிய காயின் மட்டையை நனைத்து மெஷினில் அடிக்கிறோம், அதனால் பழுப்பு நிறம்.

நாகர்கோவில் பக்கம் நாங்க மட்டையைக் கதம்பைன்னு சொல்வோம், நாரைத் தும்புன்னு. நனைக்காம அடிச்சா தும்பு வராதா?

வரும், துண்டு துண்டாக. ஒரு தடவை ஆர்டர் அவசரம் என்று சரியாக ஊறாத மட்டையைப் போட்டோம், நீள நார் கேட்டவர் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டி வாடகையும் எங்கள் தலையில். மட்டையைக் கையால் மடக்கிப் பாருங்கள், உள்பக்கம் வரை ஈரம் ஏறி வளைந்து கொடுத்தால்தான் மெஷினுக்குப் போகலாம்.

இதில் சேலை நெய்ய முடியுமா?

முடியாது. பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ், நம் நாரில் 40 சதவீதத்துக்கு மேல் லிக்னின், அதாவது மரத்தை மரமாக நிறுத்துகிற சரக்கு. விறைப்பாக இருக்கும், மெல்லிய நூலாக இழுக்க வராது. சேலைதான் வேண்டுமென்றால் வாழை நாரைப் பாருங்கள், சென்னைக்குப் பக்கத்தில் அனகாபுத்தூரில் நெய்கிறார்கள்.

அப்போ ரோட்டுச் சரிவில் விரிக்கும் நார் வலை சீக்கிரம் மக்கிவிடாதா?

அங்கே அதே லிக்னின்தான் கைகொடுக்கிறது! சணலைவிட மெதுவாகத்தான் மக்கும். இரண்டு மூன்று வருஷம் மண்ணைப் பிடித்து வைத்தால் போதும், அதற்குள் புல் வேர் விட்டுவிடும். மக்குவதும் நல்லதுதான், பிளாஸ்டிக் வலை மாதிரி யாரும் பிறகு பிடுங்க வேண்டாம்.

மில்லில் சும்மா கிடந்த நார்த்தூளை மாடித்தோட்டத்துக்கு அள்ளி வந்தேன். செடியெல்லாம் கருகிப்போச்சுங்க.

உப்புங்க. புதுத் தூளில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு எல்லாம் இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடிகிற சாயத்தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். ஈ.சி. மீட்டர் (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கருவி) இருந்தால் நாற்றுக்கு 0.5 mS/cm-க்குக் கீழே வரட்டும். மீட்டர் இல்லையா, முதலில் ஒரு தொட்டியில் மட்டும் கீரை விதைத்துப் பாருங்கள், முளைத்து நின்றால் மற்றதை நிரப்பலாம்.