ஆய்வுப் பட்டியல் நீளமாக இருந்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் பொது அறுவை சிகிச்சைத் துறையில், ரெசிடென்சி (மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பிற்காலத்தில் ஆய்விலும் கற்பித்தலிலும் நிலைக்கக்கூடியவர்களை எடுக்க வேண்டும் என்கிறார் துறைத் தலைவர். எல்லா விண்ணப்பங்களிலும் ஆய்வுப் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: எண்ணிக்கையை முதலில் ஒதுக்கிவையுங்கள். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரி முதல் மதிப்பெண் தருவதில்லை. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே தெரியும். அதன்பின் போட்டியின் பாரத்தில் ஒரு பகுதி ஆய்வுப் பட்டியலின் மேல் இறங்கிவிட்டது. ஆய்வுச் சுருக்கம், மாநாட்டு உரை, வெளியான கட்டுரை மூன்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பது வழக்கம் என்பதால், ஒரே ஆய்வு மூன்றாகப் பெருகிவிடும். இதில் மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, எண்ணுகிறவர்கள் நாம்தானே.

பட்டியலிலிருந்து ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, நேர்காணலுக்கு முன் நீங்களே முழுமையாக வாசித்துவிடுங்கள். நேர்காணலில் அதைப் பற்றியே கேளுங்கள்: எந்த நோயாளிகளை ஆய்விலிருந்து விலக்கினீர்கள், ஏன்? விடுபட்ட தரவுகளை என்ன செய்தீர்கள்? இதழின் மதிப்பாய்வாளர் எதை ஏற்க மறுத்தார்? பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டவர் முடிவுரையைத் தங்குதடையின்றிச் சொல்வார். விலக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிக் கேட்டதும் பேச்சு பொதுவாகிவிடும். நோயாளிக் கோப்புகளைத் தாமே புரட்டியவரோ, எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, யாரிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டார் என்பதுவரை சொல்லிவிடுவார். இத்தகைய கேள்விகளை எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேட்டு, குழுவினர் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பிட்டுவிட வேண்டும். இல்லையேல் மூத்தவர் ஒருவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும்.

பரிந்துரைக் கடிதங்களில் புகழ்மொழிகளைத் தாண்டிச் செல்லுங்கள். கட்டுரை நிராகரிக்கப்பட்ட பிறகு மாணவர் என்ன செய்தார் என்று ஆய்வு வழிகாட்டி எழுதியிருந்தால், அந்த ஒரு வரி போதும். பிஎச்.டி. பட்டம் நல்ல அறிகுறிதான், உத்தரவாதமில்லை. ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் படித்து, கிடைத்த சிறிய வாய்ப்பில் ஒரு கேள்வியை இறுதிவரை கொண்டுசென்றவரை, பெரிய ஆய்வுக்குழுவில் இருந்து பல கட்டுரைகளில் இடம்பெற்றவருக்குக் கீழே வைக்காதீர்கள். படிப்பை நிறுத்திவிட்டு ஓராண்டு ஆய்வில் செலவிடுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் காரியமில்லை.

தேர்வு ஒருவழிப் பாதையும் அன்று. இரு தரப்பின் தரவரிசைகளையும் பொருத்தி இடம் ஒதுக்கும் தேசிய மேட்ச் முறையில் விண்ணப்பதாரரும் உங்களைத் தரவரிசைப்படுத்துகிறார். ஐந்தாண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு இடையே ஆய்வுக்கென ஓரிரு ஆண்டுகள் தருவீர்களா, அப்போது ஊதியம் எங்கிருந்து வரும், வழிகாட்டி யார் என்பவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையெனில், நீங்கள் தேடுகிறவர் வேறிடம் போய்விடுவார்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் துறையிலேயே பயிற்சி முடித்து, இன்றும் ஆய்வைத் தொடர்கிறவர்களின் பழைய விண்ணப்பங்கள் அலுவலகத்தில் இருந்தால், உரிய அனுமதியுடன் எடுத்து வாசியுங்கள். ஆய்வைக் கைவிட்டவர்களுடையவற்றையும் பக்கத்தில் வையுங்கள். உங்கள் குழு இதுவரை எதற்கு மயங்கியிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.