கம்ப்யூட்டரில் விளம்பரத் தொல்லை: கேள்வி பதில்

மும்பையில் இருக்கும் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்கு, மாட்டுங்காவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.

செம்பூரிலிருந்து: சார், நான் சீரியல் பார்க்க மட்டும்தான் கம்ப்யூட்டரைத் திறக்கிறேன். திரையின் வலது ஓரத்தில் கீழே "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று கட்டம் கட்டமாக வந்துகொண்டே இருக்கிறது. மகன் ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை என்கிறது. எதை நம்புவது?

ஆன்டிவைரஸை நம்புங்கள் அம்மா. அடுத்த முறை அந்தக் கட்டம் வரும்போது அதைச் சற்று உற்றுப் பாருங்கள். குரோம் என்ற பெயரும், பொடி எழுத்தில் ஏதோ ஒரு இணையதளத்தின் முகவரியும் இருக்கும். அப்படி இருந்தால், அது அந்தத் தளம் அனுப்புகிற நோட்டிஃபிகேஷன். உங்கள் கம்ப்யூட்டருக்குள் எதுவும் இறங்கவில்லை, அதனால்தான் ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை.

சீரியலை இலவசமாகக் காட்டும் தளங்களில் பாதியில் ஒரு பெட்டி வரும். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அல்லோ அழுத்துங்கள்" என்று இருக்கும். அழுத்தினால்தான் வீடியோ ஓடும் போலிருக்கிறது என்று எல்லோருமே அழுத்திவிடுகிறார்கள். அன்று கொடுத்த அனுமதியைத்தான் இப்போது திரும்ப வாங்க வேண்டும். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைக்கவும் வழி உண்டு. வைத்துவிடுங்கள்.

தாராவியிலிருந்து: அண்ணாச்சி, தோல் பை பட்டறை வைத்திருக்கிறேன். பில் போடுவது, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். ஒரு வாரமாக குரோமைத் திறந்தால் ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறது. குரோமை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், போகவில்லை. விளம்பரம்தானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அண்ணாச்சி. முதலில் வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ பேங்க், ஈமெயில், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். சுத்தம் செய்து முடிக்கும் வரை இதில் பேங்க் பக்கம் திறக்க வேண்டாம். விளம்பரம் காட்ட வந்தது வேறு வேலையும் செய்யக்கூடும். 2014-இல் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் வாங்கும்போதே உள்ளே இருந்தது. பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரம் நுழைக்க வேண்டும் என்பதற்காக, ஒரு தளம் உண்மையானதுதான் என்று விண்டோஸை நம்பவைக்கும் சான்றிதழை, அது தன் சொந்தமாக உருவாக்கி விண்டோஸில் பதித்து வைத்திருந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி. அந்தச் சாவி வெளியே வந்தபோது, பொது வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் திருடன்கூட நம் பேங்க் பக்கத்தைப் போலவே ஒன்றைக் காட்ட முடியும் என்ற நிலை. இது வெளிச்சத்துக்கு வந்தது 2015 பிப்ரவரியில்தான்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டர். நான் செய்கிற வரிசையையே சொல்கிறேன். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கூப்பன், பிடிஎஃப், ஆப்டிமைசர், டிரைவர் அப்டேட்டர் என்கிற மாதிரிப் பெயர்கள் இருந்தால், நீங்கள் போட்டதாக நினைவில்லை என்றால், எடுத்துவிடுங்கள். அப்புறம் குரோமில் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள், அதற்குப் பிறகு தேடுபொறி: அங்கும் தெரியாததை எடுத்துவிடுங்கள்.

பலர் பார்க்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். டார்கெட் என்ற வரி குரோமின் பெயரோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓர் இணைய முகவரி இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பக்கம்தான் வரும். அதை அழித்துவிடுங்கள். குரோம் மெனுவின் அடியில் "மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அது இருப்பது சகஜம். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில், யாரும் எதுவும் அமைக்காமல், அது இருந்தால் ஆட்வேர், அதாவது விளம்பர மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கட்டளை எழுதி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். கையால் நோண்ட வேண்டாம். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போய், ஆட்வேரை நீக்கும் ஆட்வ்கிளீனரை இறக்கி ஓட்டுங்கள். இலவசம், இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழும், கால் மணி நேரம் ஆகும், பயப்பட வேண்டாம்.

முலுண்ட், கல்லூரி மாணவர்: ஆட்வேரை எடுக்க நல்ல சாஃப்ட்வேர் எது அண்ணா? தேடினால் முதலில் வருவதே 2,000 ரூபாய் கேட்கிறது.

வாங்காதே தம்பி. தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம், அதிலும் சில ஆட்வேரின் உறவுக்காரர்களே. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதும். ஒரு சுவிட்ச் மட்டும் சரிபார்த்துக்கொள்: விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதற்குள் ரெப்யூடேஷன் பேஸ்ட் புரொடக்ஷன். அங்கே "பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்" ஆனில் இருக்க வேண்டும். ஆட்வேரை வாசலிலேயே நிறுத்துவது அதுதான். குரோமிலேயே ஒரு கிளீனர் இருக்கும் என்று பழைய வீடியோக்களில் காட்டுவார்கள். அதை 2023-இல் கூகுள் எடுத்துவிட்டது, தேடிக் களைக்காதே.

டோம்பிவிலியிலிருந்து: தமிழ் டைப்பிங்குக்கு ஒரு சாஃப்ட்வேர் இறக்கினேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். தமிழில் எழுதுவதே தப்பா?

எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது, வரும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது. ஆசையாகத் தமிழில் எழுத வருகிறவரைத்தான் இந்த வலை பிடிக்கிறது. தமிழில் டைப் செய்ய உதவிய, விண்டோஸுக்கான கூகுள் இன்புட் டூல்ஸை கூகுளே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரில் தேடினால் யார் யாரோ வைத்திருக்கும் டவுன்லோட் தளங்கள் வரும். பக்கம் முழுக்கப் பச்சை நிறத்தில் நாலைந்து டவுன்லோட் பட்டன் இருக்கும், அதில் பெரியதாக இருப்பது விளம்பரம். இறக்கினாலும், இன்ஸ்டால் செய்யும்போது "ரெகமெண்டட்" என்பதற்குள் வேறு இரண்டு மென்பொருள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த டிக் குறிகள் கண்ணில் படும்.

உங்களுக்கு எதையுமே இறக்க வேண்டிய தேவை இல்லை. 2019-இலிருந்து விண்டோஸ் 10-இலேயே தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்டு இருக்கிறது, 11-இலும் உண்டு. செட்டிங்ஸில் மொழிகளில் தமிழைச் சேர்த்து, கீபோர்டில் அதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில் "amma" என்று அடித்தால் தமிழில் "அம்மா" விழும். அழகி, இ-கலப்பை மாதிரி வேறு தமிழ் டைப்பிங் மென்பொருள் பிடித்திருந்தால் அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

மேக் வைத்திருக்கும் ஒருவர், அந்தேரி: மேக்குக்கு இதெல்லாம் வராது என்கிறார்களே?

வரும். ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் என்று சொல்லித்தான் அதிகம் நுழைந்தது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது, இப்போது யார் அப்டேட் கேட்டாலும் பொய். சிஸ்டம் செட்டிங்ஸில் புரொஃபைல் (வெளியிலிருந்து அமைப்புகளைத் திணிக்கும் கோப்பு), லாகின் ஐட்டம்ஸ் (மேக் எழும்போதே ஓடத் தொடங்கும் மென்பொருள்கள்) இரண்டையும் பாருங்கள், தெரியாதது இருந்தால் நீக்குங்கள்.

சயானிலிருந்து: அப்பாவுக்கு 71 வயது. திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் மாதிரி சத்தம், மைக்ரோசாஃப்ட் என்று ஒரு போன் நம்பர். பயந்துபோய்க் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன ஆப்பையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்பாவைத் திட்டாதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தவர்களையே பயமுறுத்துகிற மாதிரிதான் அதைத் தயாரித்திருக்கிறார்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை வீட்டில் சொல்லாமல் மறைப்பார், அது இன்னும் ஆபத்து.

உடனே கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டு கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்த வழி இருக்கிறது. பிறகு அப்பா போட்ட, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் அந்த ரிமோட் ஆப்பை நீக்கி, எல்லா பாஸ்வேர்டையும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஃபார்மட், அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது, செய்துவிடச் சொல்வேன். உள்ளே இருந்தவர் என்ன வைத்துவிட்டுப் போனார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்தத் திரை மறுபடி வந்தால் எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடலாம். திரும்பத் திறக்கும்போது "ரீஸ்டோர்" கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. இதை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வடாலாவிலிருந்து: லாமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டால் எதற்கெடுத்தாலும் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார்கள்.

வெறும் ஆட்வேருக்கு அநேகமாக வேண்டியதில்லை. அடித்தே ஆக வேண்டும் என்றால், என்ன விண்டோஸ் போடுகிறீர்கள், லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள். ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஓடவைக்கும் திருட்டு மென்பொருள்) போட ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மறுபடியும் தாராவியிலிருந்து: அண்ணாச்சி, சொன்னபடி எல்லாம் செய்தேன், போய்விட்டது. இரண்டு நாளில் அதே எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது!

வீட்டில் வேறு கம்ப்யூட்டரில் இதே கூகுள் கணக்கு இருக்கிறதா? இருந்தால் அங்கிருந்து சிங்க் வழியாக வருகிறது, அதாவது ஒரே கணக்கில் இருக்கும் குரோம்களை ஒன்றுபோல வைக்கும் வசதி வழியாக. இரண்டிலும் சிங்க்கை நிறுத்துங்கள். பிள்ளைகளின் லேப்டாப்பையும் அதே வரிசையில் சுத்தம் செய்யுங்கள். இரண்டும் சரியான பிறகு, கூகுள் கணக்கில் குரோம் சிங்க் பக்கத்தில் சேமித்திருக்கும் தகவலை அழித்துவிட்டு, அப்புறம் சிங்க்கைப் போடுங்கள். அழிப்பதற்கு முன் புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.