ஊர்க் கோர்ட்டுக்குத் திரும்பினால் தொழில் முடங்குமா?

கேள்வி: சென்னை உயர்நீதிமன்றத்தில் மூன்று வருடமாக ஜூனியராக இருக்கிறேன். அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்ப வேண்டும். ‘முன்சீப் கோர்ட்டில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய்?’ என்கிறார்கள் நண்பர்கள். என் தொழில் முடங்கிவிடுமா?

பதில்: முடங்காதும்மா. தைரியமாகப் போங்கள்.

உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக் கட்டு உங்கள் கைக்கு வரும்போது சாட்சியம், சான்றாவணம் எல்லாம் முடிந்திருக்கும். ஊரில் அந்தக் கட்டின் முதல் தாளையே நீங்கள்தான் எழுதவேண்டும். மஞ்சள் பையில் கிரையப் பத்திரமும் கிழிந்த தீர்வை ரசீதுமாக ஒரு பெரியவர் வந்து, “பக்கத்துக்காரன் வரப்பை வெட்டிட்டான்” என்பார். பத்திரத்தின் நான்கு எல்லை ஒன்று சொல்லும், எஃப்.எம்.பி. என்கிற சர்வே அளவு வரைபடம் இன்னொன்று சொல்லும். பிராது எழுதும் முன் அந்த நிலத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். இடத்தைப் பார்த்து அறிக்கை தர உங்களைக் கோர்ட் வக்கீல் கமிஷனராக நியமித்தால் தட்டாதீர்கள். சாட்சி ‘அனுபோகம்’ (நிலத்தைக் கையில் வைத்து ஆள்வது), ‘பாத்தியம்’ (உரிமை) என்று பேசுவார். குறுக்கு விசாரணையை அவர் தமிழிலேயே செய்யப் பழக வேண்டும்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள். பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டு ஒரு அக்கா வருவார். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் இந்துப் பெண்களுக்குச் சட்டம் தந்த உரிமை அது. அன்று ராத்திரியே அவருடைய அண்ணன் உங்கள் அப்பாவிடம் வந்து, “பாப்பாவை அந்தக் கேஸை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்பார். சென்னையில் இப்படி யாரும் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரப்போவதில்லை. அந்த அக்காவைக் கைவிட்டுவிடாதீர்கள். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கையில் காசில்லை என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிப்போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

அப்புறம், ஆபீசை வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். கல்யாண வீட்டில் யாராவது வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், “ஆபீசுக்கு வாங்க மாமா” என்று எழுந்துவிடுங்கள். ஒரு தரப்புக்கு யோசனை சொல்லிவிட்டு எதிர்த்தரப்புக்கு ஆஜராக முடியாது.

ஃபீஸ் அறுவடைக்குப் பிறகுதான் வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வரட்டும். “ஜெயிச்சா இடத்துல ஒரு பங்கு எழுதித் தர்றேன்” என்பவரிடம் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை.

சீனியரிடம் சொல்லிக்கொண்டு நல்லபடியாகக் கிளம்புங்கள். உங்கள் ஊர் வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போனால், 2004-ல் தொடங்கிய அதன் மதுரைக் கிளைக்குத்தான் போகும். அங்கே நம்பிக்கையான வக்கீல் ஒருவரை இப்போதே விசாரித்து வையுங்கள்.