இமைக்கும் முன் மறையும் படங்கள்: மனச்சிகிச்சைக்கு உதவுமா?

சப்லிமினல் (விழிப்புமனத்துக்கு எட்டாத) காணொலிகளைப் பற்றியும், கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் காட்டப்படும் படங்களால் மனநோயைக் குணப்படுத்த முடியுமா என்பது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் உளவியல் ஆலோசகர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, கல்லூரியில் படிக்கும் என் மகள் தேர்வு அச்சம் நீங்குவதற்காக இரவுதோறும் கைபேசியில் ஒரு ‘சப்லிமினல்’ காணொலியைப் பார்க்கிறாள். திரையில் கடலலைதான் தெரிகிறது. இடையிடையே ‘நான் தைரியசாலி’ என்பது போன்ற வாசகங்கள் கண்ணில் படாத வேகத்தில் வந்து மறைவதாகச் சொல்கிறாள். கண்ணில் படாததை மூளை எப்படிப் படிக்கும்?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: பார்த்ததாக நாம் உணராத ஒன்றையும் மூளை ஓரளவு வாங்கிக்கொள்கிறது என்பது ஆய்வுக்கூடங்களில் காணப்பட்ட உண்மைதான். 1980இல் அமெரிக்காவில் குன்ஸ்ட்-வில்சன், சையன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், ஒழுங்கற்ற எண்கோண உருவங்களை ஒவ்வொன்றும் ஒரே ஒரு மில்லிவிநாடி (ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி) மட்டும் தெரியும்படி காட்டினார்கள். பிறகு, காட்டிய உருவத்தையும் புதிய உருவத்தையும் ஒன்றாக வைத்து, “இவற்றில் முன்பு பார்த்தது எது?” என்று கேட்டபோது, பங்கேற்றவர்களின் பதில்கள் குத்துமதிப்பான ஊகத்தைத் தாண்டவில்லை. “எது பிடித்திருக்கிறது?” என்று கேட்டபோதோ, முன்பு காட்டிய உருவத்தையே அவர்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1994இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஓமான், சோரஸ் ஆகியோர் பாம்புக்கோ சிலந்திக்கோ அஞ்சுபவர்களிடம் அவற்றின் படங்களை 30 மில்லிவிநாடி காட்டி, உடனே வேறொரு படத்தால் மறைத்தார்கள். என்ன படம் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை என்றாலும், அவர்களுடைய உள்ளங்கை வியர்வையில் ஏற்பட்ட மாற்றத்தைக் கருவி பதிவுசெய்தது.

இதிலிருந்து, ஒரு வாசகத்தை மின்னவிட்டுத் தேர்வு அச்சத்தைப் போக்கிவிடலாம் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. மறைத்துக் காட்டப்பட்ட ஒரு சொல் அடுத்து வரும் சொல்லைப் பற்றிய நம் தீர்ப்பைச் சற்றே சாய்க்கிறது என்றும், அந்தச் சாய்வு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் கரைந்துவிடுகிறது என்றும் உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டின் குழு 1996இல் காட்டியது. 2006இல் நெதர்லாந்தில் நடந்த இன்னொரு சோதனையில், ஒரு குளிர்பானத்தின் பெயரை இவ்வாறு காட்டியதால் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் கூடினார்கள். ஆனால், ஏற்கெனவே தாகமாக இருந்தவர்களிடம் மட்டுமே அந்த விளைவு தெரிந்தது. இல்லாத தாகத்தை அந்தப் பெயரால் உண்டாக்க முடியவில்லை.

இந்த நுட்பத்தின் மீது மக்களுக்கு உள்ள மலைப்பு 1957இல் தொடங்கியது. ஜேம்ஸ் விக்கரி என்ற விளம்பர ஆய்வாளர், நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீ நகரத் திரையரங்கில் படம் ஓடும்போதே பாப்கார்ன் தின்னவும் கோக்கோ கோலா குடிக்கவும் தூண்டும் வாசகங்களை மின்னவிட்டதாகவும், பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேலும் கோலா விற்பனை 18.1 சதவீதமும் கூடியதாகவும் அறிவித்தார். கையில் சொல்லிக்கொள்ளும்படி தரவு எதுவும் இருக்கவில்லை என்பதை 1962இல் ஒரு பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த மறுப்பு ஊருக்குள் போய்ச் சேரவேயில்லை. சதவீதங்கள் மட்டும் இன்றுவரை மேடைகளில் முழங்கிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் மகளின் காணொலியில் தொழில்நுட்பச் சிக்கலும் ஒன்று உண்டு. விநாடிக்கு 30 சட்டங்கள் (தனித்தனி நிலைப்படங்கள்) ஓடும் காணொலியில் ஒரு சட்டம் குறைந்தது 33 மில்லிவிநாடி திரையில் நிற்கும். அதைத் தொடர்ந்து அதன் சுவட்டை அழிக்கும் மறைப்புப் படம் ஒன்று வராவிட்டால், கவனமாகப் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏதோ வந்து போனது தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் திரையின் ஒளி, அறையின் வெளிச்சம், பார்ப்பவரின் தூரம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, பங்கேற்பவருக்கு உண்மையிலேயே படம் புலப்படவில்லையா என்று தனியாகச் சோதித்த பிறகே முடிவு எழுதுவார்கள். படுக்கையில் சாய்ந்தபடி பார்க்கும் கைபேசியில் இவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. வேண்டுமானால் ஒன்று செய்து பாருங்கள். அது யூடியூப் காணொலியாக இருந்தால், கணினியில் திறந்து, நிறுத்திவைத்து, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டமாக நகரும். ‘நான் தைரியசாலி’ என்ற வாசகம் அதில் இருக்கிறதா, அல்லது வெறும் கடலலைதானா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: உளவியல் முதுகலை மாணவி நான். ‘அம்மாவும் நானும் ஒன்று’ என்ற வாசகத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் காட்டியே மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள் என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். விரிவாகச் சொல்ல முடியுமா?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் வகுப்பில் குறிப்பிட்டது நியூயார்க்கைச் சேர்ந்த லாய்டு சில்வர்மனின் பணியை. ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு மரபில் வந்த அவர், பிற்கால மனநலத்தின் வேர், கைக்குழந்தைப் பருவத்தில் தாயோடு ஒன்றியிருந்த நிலையில் இருப்பதாகக் கருதினார். அந்த ஒன்றிய நிலையை நோயாளியின் விழிப்புமனம் அறியாமல் ஒரு கணம் தூண்டிவிட்டால் அவருடைய குலைவு தணியும் என்பது அவருடைய கணிப்பு. நோயாளி டாக்கிஸ்டாஸ்கோப் என்ற கருவியின் கண்துளை வழியே பார்ப்பார். உள்ளே 4 மில்லிவிநாடி நேரம் மட்டும் அந்த வாசகம் ஒளிரும். ஏதோ ஒளி துடித்தது போலத்தான் அவருக்குத் தெரியும். ஒப்பீட்டுக்காக, ‘மக்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது போன்ற உணர்ச்சியற்ற வாசகமும் காட்டப்பட்டது. தாயைப் பற்றிய வாசகத்துக்குப் பிறகு மனச்சிதைவு நோயாளிகள் சிலரிடம் சிந்தனைக் குழப்பம் தற்காலிகமாகக் குறைந்ததை அளவீடுகள் காட்டியதாக அவர் எழுதினார். தாய்மார்களின் வளர்ப்பே மனச்சிதைவுக்குக் காரணம் என்று உளப்பகுப்பாய்வாளர்களில் ஒரு சாரார் பழிசுமத்திவந்த காலத்தின் தொடர்ச்சியில், அதே தாயை மருந்தாகவும் நீட்டியது அந்த மரபுக்கே உரிய விநோதம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் நோயாளிகளோடு நின்றுவிடவில்லை. 1974இல் வெளியான ஆய்வில், பூச்சிகளுக்கு அஞ்சும் பெண்களுக்குப் படிப்படியாக அச்சத்தைப் பழக்கும் சிகிச்சை அளித்தபோது, வழக்கமாகச் செய்யும் தசைத்தளர்வுப் பயிற்சிக்குப் பதிலாக இந்த வாசகத்தை மின்னவிட்டார். வேறு வாசகம் காட்டப்பட்டவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஹீப்ரு மொழியில் இதைச் செய்து, மதிப்பெண் கூடியதாக 1982இல் ஓர் ஆய்வு வந்தது.

சில்வர்மன் 1986இல் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து பலே, ஷெவ்ரின் ஆகியோர் இந்த ஆய்வுகளின் முறைகளையும், மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது கிடைத்த முரணான முடிவுகளையும் கடுமையாக விமர்சித்தார்கள். 1990இல் ஹார்டவே பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வோ, விளைவு மிதமானது, ஆனால் உண்மையானது என்றது. இவ்விரண்டையும் சேர்த்தே நீங்கள் படிக்க வேண்டும். என் ஐயம் வேறோர் இடத்தில் இருக்கிறது: விழிப்புமனத்துக்கு எட்டாமல் காட்டப்படும் ஒற்றைச் சொல்லின் பொருளை மனம் பற்றிக்கொள்வதற்குச் சான்று உண்டு, இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டாக்கும் புதுப்பொருளைப் பற்றிக்கொள்வதற்கே நம்பத்தக்க சான்று இல்லை என்று கிரீன்வால்டு 1992இல் சுட்டிக்காட்டினார். அப்படியிருக்க, எழுவாயும் பயனிலையுமாக அமைந்த ஒரு முழு வாக்கியத்தின் கருத்தை 4 மில்லிவிநாடியில் ஆழ்மனம் படித்து, அதன் வழியே நோயும் தணிந்தது என்ற விளக்கத்தை ஏற்பது கடினமாக இருக்கிறது. மருத்துவமனைகளில் இம்முறை இன்று வழக்கத்தில் இல்லை.

கேள்வி: எனக்குப் பல்லி என்றால் நடுக்கம். குளியலறைச் சுவரில் ஒன்று இருந்தால், கணவர் வந்து விரட்டும் வரை குளிக்கப் போக மாட்டேன். பல்லியை நேருக்கு நேர் பார்க்கப் பழகும் சிகிச்சை இருப்பதாகச் சொல்கிறார்கள். நினைத்தாலே உடல் கூசுகிறது. தெரியாமலே பழக்கிவிடும் வழி ஏதும் உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் கேள்விதான் இந்தத் துறையில் இப்போது உயிரோடு இருக்கும் கேள்வி. பழக்கும் சிகிச்சை பலனளிக்கும் என்று தெரிந்தும், அச்சப்படுவதை எதிர்கொள்ள வேண்டும் என்பதாலேயே பலர் அதன் பக்கம் வருவதில்லை. பால் சீகல், ஜோயல் வைன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இந்தத் தயக்கத்தை மனத்தில் வைத்து 2009 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகளில், சிலந்திக்கு மிகவும் அஞ்சுபவர்களைத் திரையின் முன் அமர்த்தி, சிலந்திப் படங்களை ஏறத்தாழ 25 முதல் 33 மில்லிவிநாடி வரை காட்டி, ஒவ்வொன்றையும் உடனே மறைப்புப் படத்தால் மூடினார்கள். அதற்குப் பின், உயிருள்ள டாரன்டுலா சிலந்தி இருந்த கண்ணாடித் தொட்டியை நோக்கி அவர்களை நடக்கச் சொல்லி, எவ்வளவு நெருங்குகிறார்கள் என்று படிப்படியாக அளந்தார்கள். சிலந்தி அல்லாத படங்களைப் பார்த்தவர்களைவிட இவர்கள் கூடுதலாக நெருங்கினார்கள். படங்கள் ஓடியபோது அவர்களுக்கு அச்சமும் எழவில்லை. அதே படங்களைத் தெளிவாகத் தெரியும்படி காட்டியபோது அச்சம் எழுந்தது. ஆனால் அந்தச் சிறிய நேரத்தில் விலகி ஓடும் போக்கு குறையவில்லை. இவற்றை 2012இல் எழுதினார்கள். மூளைப் படப்பதிவோடும் பின்னர் தொடர்ந்தார்கள்.

இது எனக்கு மதிப்புக்குரிய ஆய்வாகத் தெரிகிறது. பெரிய வாக்குறுதி எதையும் தராமல், ஓர் அச்சம், ஒரு படவகை, அளக்கக்கூடிய ஒரு நடை என்று சுருக்கிக்கொண்டு கேட்டதால்தான் அவர்களால் ஒரு விடையைப் பெற முடிந்தது. ஆனாலும் நெருங்கி நிற்பதும் நோய் தீர்வதும் ஒன்றாகிவிடாது. சிகிச்சைக்கு வர அஞ்சுபவரை வாசல் வரை அழைத்து வரும் முன்தயாரிப்பாக இது ஒருநாள் அமையலாம். முழுச் சிகிச்சையின் இடத்தைப் பிடிக்கும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. பல்லிக்காக இப்படிச் செய்து தரும் மருத்துவமனையைத் தேடி அலையாதீர்கள்.

நீங்கள் அஞ்சும் அந்தப் பழக்கும் சிகிச்சை, நினைப்பது போல முதல் நாளே பல்லியைக் கையில் கொடுப்பது அன்று. ஸ்வீடனில் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் வகுத்த முறையில், குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சத்துக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் சிகிச்சை முடிகிறது. முதலில் ஆலோசகர் செய்து காட்டுவார். நீங்கள் சம்மதித்த பிறகே அடுத்த படிக்குப் போவார். உங்களுக்கென்றால், காகிதத்தில் வரைந்த பல்லி, கறுப்பு வெள்ளைப் படம், வண்ணப் படம், ஒலியில்லாத காணொலி, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் எதிர்ச் சுவரோரம் ஒரு பல்லி என்று வரிசை போடலாம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறித் தானாக இறங்கும் வரை அங்கேயே இருப்பதுதான் இதன் சூட்சுமம். இறங்கும் முன் எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். கணவர் ஒவ்வொரு முறையும் ஓடி வந்து பல்லியை விரட்டுவதும், அன்பினால் என்றாலும், அந்தக் கணக்கைத்தான் வளர்க்கிறது.

கேள்வி: என் மகன் குடியை விட மறுக்கிறான்; ஆலோசனைக்கும் வர மாட்டேன் என்கிறான். அவன் பார்க்கும் தொலைக்காட்சியில் அவனுக்கே தெரியாமல் இப்படிப்பட்ட படங்களை ஓடவிடலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: கூடாது, அம்மா. பலன் இருக்காது என்பது ஒருபுறம். பலன் இருந்தாலும் செய்யக்கூடாது என்பதுதான் என் பதில். ஒளிபரப்பில் இத்தகைய உத்தி பொதுநலனுக்கு எதிரானது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1974இல் அறிவித்தபோது, அது வேலை செய்கிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தவில்லை. ஏமாற்றும் நோக்கமே போதுமான குற்றம் என்று கருதியது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் விவரம் அறிந்து தரும் ஒப்புதலையே சிகிச்சையின் அடிப்படையாக வைக்கிறது. மகனுக்கு இது என்றாவது தெரியவந்தால், உங்கள் மீது மிஞ்சியிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் குடும்பத்தார் எப்படிப் பேசுவது, எதற்கு உடன்படாமலிருப்பது என்பதற்குத் தனி ஆலோசனை உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு மையத்தில் ‘ஆழ்மனக் காட்சிச் சிகிச்சை’ எடுத்துக்கொண்டால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார்கள். அங்கே போன தோழி தனக்கு நன்றாகிவிட்டது என்கிறாள். எனக்குச் சிறுவயதில் வலிப்பு வந்ததுண்டு.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி மின்னியதால் 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வலிப்பு வந்த வரலாறு உள்ள நீங்கள், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எந்த மின்னும் திரையின் முன்னும் உட்கார வேண்டாம். அந்த மையத்தில் உங்களிடம் இதை யாரும் விசாரிக்கவில்லை என்றால், அதுவே அவர்களைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

தோழி பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. 1991இல் கிரீன்வால்டும் உடன் ஆய்வாளர்களும், நினைவாற்றலையும் தன்மதிப்பையும் கூட்டுவதாக விற்கப்பட்ட சப்லிமினல் ஒலிநாடாக்களைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உறையை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். நினைவாற்றல் என்று எழுதிய உறைக்குள் தன்மதிப்பு நாடா இருந்தது. வாரக்கணக்கில் கேட்ட பிறகு அளந்தபோது, எந்த நாடாவும் தான் சொன்னதைச் செய்திருக்கவில்லை. ஆனால், உறையில் எழுதியிருந்தது எதுவோ அதில் தேறிவிட்டதாகவே கேட்டவர்களில் பலர் நம்பினார்கள். அது படமன்று, ஒலி. என்றாலும் உங்கள் தோழியின் அனுபவத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறில்லை.

மாத்திரை விஷயத்தில், அதை எழுதிக்கொடுத்த மனநல மருத்துவரைத் தவிர யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். மன அழுத்த மருந்துகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் போன்றவை வரலாம், நோயும் திரும்பலாம். குறைக்க வேண்டிய நேரம் வந்தால், வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் சிறிது சிறிதாக அளவைக் குறைத்து மருத்துவரே கொண்டுபோவார். அந்த மையத்துக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால், எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறுங்கள்.