கேளுங்கள், சொல்கிறேன்: 44 நாள் மேனேஜர்

கே: மகன் 'தி டேம்ட் யுனைடெட்' என்ற இங்கிலீஷ் படத்தைப் போட்டுக் காட்டினான். கால்பந்துப் படம் என்கிறான், பந்தையே சரியாகக் காட்டவில்லை. யார் இந்த பிரையன் கிளஃப்? 44 நாளில் வேலை போனவருக்கு எதற்குப் படம்?
(வாசகி, நாகர்கோவில்)

ப: வேலை போனதால்தான் படம், அம்மா. ஜெயித்ததை மட்டும் எடுத்திருந்தால் கோப்பை மேல் கோப்பையாக வந்துகொண்டிருக்கும், நமக்குக் கொட்டாவி வரும்.

கிளஃப் மிடில்ஸ்பரோ ஊர்க்காரர். ஆடிய காலத்தில் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டவர். 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஓர் ஆட்டத்தில் முழங்கால் போயிற்று, அநேகமாக அதோடு ஆட்டமும் போயிற்று. 30 வயதில் ஹார்ட்டில்பூல்ஸ் என்ற ஏழை கிளப்புக்கு மேனேஜரானார், நம் ஊர் பாஷையில் கோச். துணைக்கு நண்பர் பீட்டர் டெய்லர். நல்ல ஆட்டக்காரனை மோப்பம் பிடிப்பது டெய்லர், அவனை ஆட வைப்பது கிளஃப். 1967-ல் இருவரும் டார்பி கவுன்டிக்கு வந்தபோது அது இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1972-ல் இங்கிலாந்து சாம்பியன். அப்புறம் கிளப் நிர்வாகத்தோடு சண்டை, 1973 அக்டோபரில் ராஜினாமா.

1974-ல் லீட்ஸ் யுனைடெட் மேனேஜர் டான் ரீவி இங்கிலாந்து தேசிய அணிக்கு மேனேஜராகப் போனார். அந்த நாற்காலிக்கு வந்தவர், லீட்ஸ்காரர்களை முரடர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று டிவியிலும் பத்திரிகையிலும் வருஷக்கணக்காகத் திட்டிய கிளஃப்! டெய்லர் கூட வரவில்லை. வந்த சூட்டோடு வீரர்களைக் கூப்பிட்டு, உங்கள் மெடல்களையெல்லாம் குப்பைத்தொட்டியில் போடுங்கள், ஒன்றைக்கூட நேர்மையாக ஜெயிக்கவில்லை என்கிற மாதிரி பேசினாராம். முதல் விருந்துக்குப் போன மாப்பிள்ளை மாமியார் சமையலைக் காறித் துப்பிய கதைதான். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. செப்டம்பர் 12 அன்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

பந்தைக் காட்டாதது எனக்குக் குறையாகப் படவில்லை. நடிகர்கள் பந்து உதைக்கும் கண்றாவியை நிறையப் பார்த்தாயிற்று. இயக்குநர் டாம் ஹூப்பர் சேறு, சிகரெட் புகை, டிரஸ்ஸிங் ரூம் முறைப்பு என்று வேறு இடத்தில் ஆட்டத்தை நடத்துகிறார்.

கே: கிளஃப்பாக நடித்தவருக்குக் கால்பந்து தெரியுமா?
(வாசகர், ஈரோடு)

ப: மைக்கேல் ஷீன். சிறுவனாக இருந்தபோது ஆர்சனல் கிளப்பே கூப்பிட்டுப் பார்த்த கால்கள் அவருடையவை. வாயும் சளைத்ததில்லை. ஏற்கெனவே பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேராகவும் டிவி பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்டாகவும் நடித்துப் பழகியவர்.

கே: படத்தில் வருவதெல்லாம் நிஜமாக நடந்ததா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

ப: பாதி. சீசன் தொடக்கத்தில் நடக்கும் சாரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் லீட்ஸ் கேப்டன் பிரெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் மோதிக்கொண்டு, வெளியேற்றப்பட்டதும் சட்டையைக் கழற்றி வீசியது நிஜம். இதைக் கற்பனையாக எழுதினால்தான் நாம் நம்பமாட்டோம்.

ஆனால் டேவ் மெக்காய் விஷயம் அநியாயம். டார்பியைத் தூக்கி நிறுத்திய ஆட்டக்காரர் அவர். 1971-லேயே அங்கிருந்து போய்விட்டார். கிளஃப் விலகியபோது அவர் இன்னொரு கிளப்பின் மேனேஜர், அங்கிருந்துதான் டார்பிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். படத்திலோ, கடைசிவரை கிளஃப்பின் கீழேயே இருந்துவிட்டு நாற்காலியில் ஏறியவர் போலத் தெரிகிறார். மனிதர் வழக்குப் போட்டு, மன்னிப்பும் நஷ்டஈடும் வாங்கினார். படத்துக்கு மூலமான டேவிட் பீஸின் நாவல் மீது லீட்ஸ் வீரர் ஜானி ஜைல்ஸ் முன்பே வழக்குப் போட்டிருந்தார். வருஷத்தை முன்னே பின்னே தள்ளலாம், இரண்டு ஆட்டத்தை ஒன்றாக்கலாம், அதெல்லாம் சினிமா. உயிரோடு இருக்கிறவரின் நாணயத்தில் கை வைத்தால் அதற்கு வேறு பெயர்.

கே: ரீவியும் கிளஃப்பும் டிவியில் நேருக்கு நேர் மோதும் காட்சி கொஞ்சம் ஓவராக இல்லை?
(வாசகர், மதுரை)

ப: நிஜம் அதைவிட ஓவர். வேலை போன அன்று ராத்திரியே யார்க்‌ஷயர் டெலிவிஷன் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தது. பேட்டி எடுத்த ஆஸ்டின் மிட்செல் பிறகு எம்.பி.யே ஆனார், அவருக்கு அன்று பெரிய வேலை ஒன்றும் இல்லை. நான் லீக்கை ஜெயிக்க நினைத்தேன், ஆனால் உங்களைவிட நன்றாக என்கிறார் கிளஃப். அதைவிட நன்றாக எப்படி, நாங்கள் நாலு ஆட்டம்தானே தோற்றோம் என்கிறார் ரீவி. நான் மூன்றுதான் தோற்றிருப்பேன்! அன்று காலைதான் சம்பளத்தை இழந்தவர் சொல்கிற பதில் இது.

ரீவியை வில்லன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர் விட்டுப்போன அதே கிழட்டுச் சிங்கங்களை வைத்துக்கொண்டுதான், அடுத்து வந்த ஜிம்மி ஆம்ஃபீல்ட் 1975-ல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை போனார்.

கே: கடைசியில் கிளஃப் டெய்லரிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாரே, அழுதுவிட்டேன்.
(வாசகி, தஞ்சாவூர்)

ப: அழுதது வீண் போகாது, ஆனால் காட்சி சினிமாக்காரர் வைத்தது. டெய்லர் பிரைட்டன் கிளப்பிலேயே இருந்துவிட்டு 1976-ல்தான் கிளஃப் மேனேஜராக இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பில் வந்து சேர்ந்தார். 1977-ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள், 1978-ல் சாம்பியன், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. அந்த நாளில் நான் ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் சப்-எடிட்டர். டெலிபிரின்டரில் வந்த செய்தியை வெட்டி ஒரு மூலையில் நாலு வரி போட்டேன், அன்றைக்குக் கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம். 1983-ல் ஓர் ஆட்டக்காரரை டெய்லர் டார்பிக்கு இழுத்துக்கொண்டதில் உறவு முறிந்தது. 1990-ல் டெய்லர் இறக்கும்வரை பேச்சுவார்த்தை இல்லை.

கே: நம் நாட்டுக் கோச்சைப் பற்றி இப்படி ஒரு படம் வந்திருக்கிறதா?
(வாசகர், கோவை)

ப: 'மைதான்', 2024. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமாக அஜய் தேவ்கன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய கதை. தலையில் அடிபட்ட டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டாக இறக்கினார் ரஹீம், அவர் இறுதியில் கோலே போட்டார். கோல் போஸ்டில் பீட்டர் தங்கராஜ்.

எனக்கு ஒரே மனக்குறை, ரஹீமைச் சாமியாக்கிவிட்டார்கள். புற்றுநோயோடு உழைத்து, மறு வருடமே இறந்துபோனவர் என்பதால் கை நடுங்கியிருக்கும். கிளஃப் படமோ நாயகனின் பொறாமையையும் அல்பத்தனத்தையும் கூசாமல் காட்டுகிறது, அதனால்தான் அவர் மேல் பாசமே வருகிறது. 'மைதான்' மூன்று மணி நேரம். முதல் பாதியில் எழுந்து போய்க் காபி போடலாம். இறுதி ஆட்டம் ஓடும்போது அடுப்பில் எதையும் வைக்காதீர்கள்.