அப்பாவுக்கு நுரையீரலுக்காக எடுத்த சிடி ஸ்கேன்ல இதய ரத்தக்குழாய்ல கால்சியம் இருக்குன்னு போட்டிருக்கு, பயப்படணுமா?

பதற வேண்டாம். ஆனா அந்த ரிப்போர்ட்ட ஃபைல்ல சொருகி பீரோவுல வச்சு பூட்டிடாதீங்க, எங்க வீட்டுல அதத்தான் செஞ்சோம்.

2021 மே, கொரோனா ரெண்டாவது அலை. எங்க மாமாவுக்கு (அப்போ 54 வயசு, சுகர் உண்டு, சிகரெட்ட விட்டு நாலு வருஷம்) இருமல் நிக்கலன்னு நெஞ்சு சிடி எடுத்தோம். அப்போ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுனது ஒண்ணே ஒண்ணுதான், நுரையீரல் பாதிப்பு 25க்கு எத்தன. மாமாவுக்கு 7. அப்பாடான்னு ஃபேமிலி குரூப்ல போட்டாச்சு, அத்தை சாமிக்கு விளக்கேத்திட்டாங்க. கடைசி வரியில கரோனரி கால்சிஃபிகேஷன்னு இருந்தத நான் படிச்சேன், படிச்சுட்டு கால்சியம்தானே, எலும்புக்கு நல்லதுன்னு விட்டுட்டேன். சிரிக்காதீங்க.

2023ல மாடிப்படி ஏறும்போது நெஞ்ச அழுத்துதுன்னு போனா ஆஞ்சியோ, ரெண்டு ஸ்டென்ட். கார்டியாலஜிஸ்ட் பழைய ஃபைல புரட்டிட்டு, இது அப்பவே இருக்கே, யாரும் பாக்கலையான்னு கேட்டார். எங்ககிட்ட பதில் இல்ல.

விஷயம் இதுதான். ரத்தக்குழாய் சுவத்துல கொழுப்பு படிஞ்சு, வருஷக்கணக்குல அது புண்ணாகி ஆறி புண்ணாகி ஆறி அங்க கால்சியம் சேருது, சிடியில எலும்பு மாதிரி வெள்ளையா தெரியும். (பால நிறுத்துனா கரைஞ்சிடுமான்னு மாமா கேட்டார், கரையாது.) இத நம்பரா மாத்துற வழிய அமெரிக்க டாக்டர் ஆர்தர் அகாட்ஸ்டன் குழு 1990ல வெளியிட்டாங்க, அதான் கால்சியம் ஸ்கோர். 0 வந்தா நல்லது, 100 தாண்டுனா கவனிக்கணும், 400 தாண்டுனா ரொம்பவே கவனிக்கணும். சாதா நெஞ்சு சிடிய இதயத்துடிப்போட சேத்து எடுக்கிறதில்ல, படம் கொஞ்சம் ஆடும், அதனால பெரும்பாலும் நம்பர் இல்லாம மைல்ட், மாடரேட், சிவியர்னு எழுதுவாங்க. உங்கப்பா ரிப்போர்ட்ல எந்த வார்த்தை இருக்குன்னு பாருங்க.

இது வெறும் பூச்சாண்டி இல்ல. அமெரிக்காவுல மெசான்னு ஒரு ஆய்வு, 2000ல ஆரம்பிச்சு இதய நோய் இல்லாத 6,814 பேர வருஷக்கணக்கா பாத்தாங்க, ஸ்கோர் 100 தாண்டுனவங்களுக்கு மாரடைப்பு மாதிரி இதயப் பிரச்சனை வர்ற ஆபத்து 0 வந்தவங்கள விட 7 மடங்குக்கு மேல.

ஆனா 0 வந்துட்டா பரோட்டா சால்னான்னு இறங்கிடாதீங்க. கால்சியம் சேராத மெத்துனு இருக்கிற கொழுப்பு இந்த ஸ்கேன்ல தெரியாது, அதுவும் வெடிச்சு அட்டாக் வரும். சுகர் இருந்தா, புகை பிடிச்சா, குடும்பத்துல சின்ன வயசுலயே அட்டாக் வந்திருந்தா, 0ன்னு காட்டி கொலஸ்ட்ரால குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரைய தள்ளிப்போட முடியாதுன்னு 2018 அமெரிக்க வழிகாட்டுதலே சொல்லுது. இன்னொண்ணு, ஸ்டாட்டின் சாப்பிட ஆரம்பிச்சா ஸ்கோர் ஏறக்கூட செய்யும், கொழுப்பு இறுகுறதால. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து பயந்துக்க வேண்டாம்.

அதனால ரிப்போர்ட்டோட கொலஸ்ட்ரால், சுகர், பிரஷர் மூணையும் பாத்து எடுத்துட்டு ஒரு டாக்டர்கிட்ட போங்க, அந்த வரிய நீங்களே விரல் வச்சு காட்டுங்க. இதெல்லாம் தொந்தரவு எதுவும் இல்லாதவங்களுக்கு. அப்பாவுக்கு நடந்தா நெஞ்சு அழுத்துது, இடது கை இழுக்குது, வேர்த்துக் கொட்டுதுன்னா ஸ்கோர தேடிட்டு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடுங்க.