ஈரத் துண்டு வைத்தியம்

அன்புள்ள ஐயா,

பழைய கார்களைப் பற்றி நீங்கள் உருகி எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் தந்தை வைத்திருந்தது 1972ஆம் ஆண்டு ஃபியட். கோடையில் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் நின்றுவிடும். அவர் பானட்டைத் திறந்து, ஈரத் துண்டை உள்ளே போட்டுவிட்டுக் காத்திருப்பார். நானும் தங்கையும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்க, பள்ளித் தோழிகள் பஸ்ஸிலிருந்து கையசைத்துக்கொண்டே போவார்கள். அந்தத் துண்டு வைத்தியமா வேண்டுதலா என்று இன்றுவரை தெரியாது. இதில் உருக என்ன இருக்கிறது? வண்டி இன்னும் ஷெட்டில் கிடக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டும் என் மகன், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான். என்ன செய்யலாம்?

ஆர்., குன்னூர்

அன்புள்ள ஆர்.,

வைத்தியமேதான். உங்கள் தந்தை விவரம் தெரிந்தவர். அடிவாரத்துக் கல்லாறிலிருந்து லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறினால் என்ஜின் கொதிக்கும். அந்தக் கால கார்களில் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. ஈரத் துணியைப் பம்பின்மேல் போட்டால் ஆவி மீண்டும் பெட்ரோலாகிவிடும், வண்டி கிளம்பும். ஃபியட்டுக்கு மட்டும் வந்த நோயல்ல இது. மலையும் வெயிலும் சேர்ந்து கொடுப்பது. உங்கள் தோழிகளின் பஸ் ஓடியது டீசலில். அதனால்தான் அவர்களால் கையசைக்க முடிந்தது.

அந்த வண்டிகள் சிறந்தவை என்று நான் எங்கும் வாதாடவில்லை. என் முதல் காரும் ஃபியட்தான். 1089 சிசி என்ஜின், ஸ்டீரிங் தண்டிலேயே கியர். பல கை மாறி என்னிடம் வந்தது. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: என்ன கோளாறு என்பதைக் கண்ணும் காதும் மூக்கும் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரைவிடக் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இளைத்திருக்கும். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினால் முனையில் மை பூசியதுபோல் கரி. எங்கள் மெக்கானிக் பாய் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கீழே எவனோ கை வைத்திருக்கிறான்" என்பார். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முனைகளுக்கு நடுவே உடைந்த ஆக்ஸா பிளேடு துண்டைச் செருகி இடைவெளி பார்ப்பார். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, வால்வுகளை இயக்கும் டாப்பட்டின் சத்தம் கேட்பார். அப்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. மலைக்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கக் கார்புரேட்டர் திருகை அவர் திருப்பும் கால் சுற்றுக்காக மேட்டுப்பாளையம் மெக்கானிக்குகளோடு அவர் நடத்திய சண்டை தனிக் கதை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: மலைக்குச் சரிசெய்த வண்டி சமவெளிக்கு இறங்கினால் பெட்ரோல் போதாமல் சூடேறும்.

ஐப்பசி மழை உங்கள் ஊரை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கினால் வண்டி இருமக்கூடச் செய்யாது. மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் காயவைப்பேன். தோசைக்கல் பக்கத்தில் அதைப் பார்த்த என் அம்மா, "இதற்கும் சட்னி வேண்டுமா?" என்று கேட்டார்.

அடுத்து வாங்கியது மாருதி 800. 1983 டிசம்பரில் அந்தக் கார் வெளிவந்தபோது, 796 சிசி தகர டப்பா மலை ஏறுமா என்று இங்கே சிரித்தவர்கள் உண்டு. ஏறியது. நிற்காமல் ஏறியது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதாததற்கும் அதுவே காரணம்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று அந்தக் கால ஓட்டுநர்கள் சொன்னது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். கியரை 'டிரைவ்' நிலையிலேயே விட்டுவிட்டு வழியெல்லாம் பிரேக்கை மிதித்து வருபவர்களின் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை கிளம்புவதைப் பர்லியாறு கடைக்காரர்கள் தினமும் முகர்கிறார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததும் இதனால்தான்.

உங்கள் தந்தையின் வண்டிக்கு வருகிறேன். முதலில் காருக்குள் தரை விரிப்பை எடுத்துவிட்டுத் தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் தகடு துருப்பிடித்துப் போய்விட்டது; மகன் சொல்வது சரி, விற்றுவிடுங்கள்; உருகத் தேவையில்லை. தகடு தாங்கினால் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்ப வேண்டாம். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்து, பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, என்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத கார்களை விண்டேஜ் வண்டியாகப் பதிந்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது.  ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி மார்க்கெட்டுக்குப் போக முடியாது. ஆர்.சி. இன்னும் தந்தையின் பெயரில் இருந்தால் அதை மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள். அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிக்கும்.